29 வாரத்தில் பிறந்த மகன்: இரண்டு வயதுக்கு அப்புறம் எதைக் கவனிக்க வேண்டும்?

செங்காங் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். என் மகன் 29 வாரத்தில் பிறந்தவன். எனக்கு ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதமும் வர ஆரம்பித்ததால் அவசரமாக அறுவை செய்து எடுத்தார்கள். எடை 1.1 கிலோ. பிறந்த தேதிப்படி இப்போது 22 மாதம். பிறந்திருக்க வேண்டிய தேதிப்படி பார்த்தால் பத்தொன்பதரை மாதம்.

நன்றாக நடக்கிறான். 'அம்மா', 'பால்', 'பஸ்', 'போ' என்று பத்துப் பதினைந்து சொல் வருகிறது. இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. நாத்தனார் மகன் கிட்டத்தட்ட இதே வயது, அவன் கதை சொல்கிறான். போன தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்ததில் எனக்கு மனசே சரியில்லை.

மாமியார் அன்பானவர். "இரண்டு வயசு ஆனா எல்லாம் சரியாயிடும்மா" என்று தினமும் சொல்கிறார். மருத்துவமனையிலும் இரண்டு வயதில் ஒரு பெரிய பரிசோதனை இருக்கிறது என்றார்கள். அதற்கு அப்புறம்? அதோடு முடிந்துவிட்டதா? இன்னொன்று, குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஒருவர், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பேச்சு சீக்கிரம் வரும்" என்றார். அது உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூங்கோதை எழுதியது:

தங்கச்சி, நான் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று. அடுத்த முறை யாராவது இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எழுந்து போய்விடுங்கள். உங்கள் மகனின் வயது பத்தொன்பதரை மாதம், அவ்வளவுதான். இரண்டு வயது வரைக்கும் வளர்ச்சியை அந்தத் திருத்திய வயதில்தான் அளக்க வேண்டும். இரண்டு சொல்லைச் சேர்ப்பதை இரண்டு வயதையொட்டித்தான் எதிர்பார்ப்போம். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தரும் எதுவும் இல்லை.

ஆனால் தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டு தள்ளிப்போடுகிறார்கள். குறைமாதப் பிள்ளைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைப்பிரசவம். உலகத்தில் பத்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் பிறக்கிறது, 2020-இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் பேர். ஆனால் 36 வாரத்துப் பிள்ளையும் 25 வாரத்துப் பிள்ளையும் ஒன்றல்ல. 28 வாரத்துக்கு முன்னால் பிறப்பவர்கள் ஒரு வகை, 28 முதல் 32-க்குள் ஒரு வகை, அதற்கு மேல் ஒரு வகை. உங்கள் மகன் நடு வகை.

வாரத்தைவிட எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இருந்ததா, இருந்தால் எந்த நிலை? கண் பரிசோதனையில் என்ன சொன்னார்கள்? ஆக்சிஜனோடு வீட்டுக்கு வந்தானா? குடலில் தொற்று ஏதும் வந்ததா? செவிப் பரிசோதனை ஆயிற்றா? பிற்காலத்தைப் பற்றி எதையாவது சொல்ல முடியும் என்றால் இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

குமரன் யீஷூன் எழுதியது:

சகோதரி, தயவுசெய்து இணையத்தில் படித்துப் படித்துப் பயப்படாதீர்கள். என் அண்ணன் மகன் 31 வாரத்தில் பிறந்தவன், இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். ஆறடி உயரம். அவனுக்கு ஐந்து வயது வரை என் அண்ணி ஒரு சோதனை விடாமல் கூட்டிப்போனார். என்ன ஆயிற்று? விளையாட்டுத் திடலுக்கு விடமாட்டார், மழையில் விடமாட்டார், யார் தும்மினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பிள்ளை தனக்கு ஏதோ நோய் இருக்கிறது என்றே நம்பி வளர்ந்தான். அதிலிருந்து அவன் வெளியே வர உயர்நிலைப் பள்ளி வரை ஆயிற்று. உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையைப் பிள்ளையாக வளருங்கள்.

மாலதி டீச்சர் எழுதியது:

குமரன் அண்ணா சொன்ன அந்தப் பயம் உண்மை, நானும் வாரம் தவறாமல் பார்க்கிறேன். நான் வளர்ச்சியில் பின்தங்கும் சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு நிலையத்தில் ஆசிரியை, நாம் எல்லாரும் ஈபிக் என்று சொல்வோமே, அது. ஆனால் பயத்தோடு பார்ப்பது வேறு, கவனித்துக்கொண்டே இருப்பது வேறு. "இரண்டு வயதில் சரியாகிவிடும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பெரிய குறைபாடுகளை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் அஞ்சுவது அதற்குத்தான். நார்வேயில் 1967-லிருந்து 1983 வரை பிறந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. 23 முதல் 27 வாரத்துக்குள் பிறந்து பிழைத்தவர்களில் 9.1 விழுக்காட்டினருக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கெடுவது, இருந்தது. முழு மாதத்தில் பிறந்தவர்களில் 0.1 விழுக்காடு. வித்தியாசம் மிகப் பெரியது, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த மிகச் சின்னப் பிள்ளைகளிலும் 100-க்கு 90 பேருக்கு அது வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் மருந்துகள் பலவும் இல்லாத காலம் அது.

இந்தப் பெரிய குறைபாடுகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். கை கால் இறுக்கம், ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்துவது, பார்வை, செவி எல்லாம் அந்தப் பரிசோதனையில் அகப்படும். அதில் தேறியதும் பெற்றோர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள், விடத்தான் வேண்டும். ஆனால் நான் சந்திக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது ஆறு, ஏழு வயதில்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தொடக்கநிலை ஒன்று வகுப்பு. ஆசிரியர் வெண்பலகையில் மூன்று வரி எழுதுகிறார். மற்றப் பிள்ளை ஒரு சொல்லை முழுசாகப் பார்த்து நோட்டில் எழுதிவிடும். இந்தப் பிள்ளை ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் தூக்குகிறது. குனிந்து எழுதிவிட்டு மறுபடி தூக்கினால் விட்ட இடம் தெரியவில்லை, தேடுகிறது. இரண்டாவது வரிக்கு வரும் முன் பலகை அழிக்கப்பட்டாயிற்று. வீட்டுக்குக் குறிப்பு வருகிறது: கவனமில்லை, சோம்பல். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. வாயால் கேட்டால் விடை சொல்லும். கண்ணில் பட்டதை மனசில் பிடித்து வைத்துக் கைக்குக் கொண்டுவரும் வேகம்தான் குறைவு.

32 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளிடம் பள்ளி வயதில் அதிகம் காணப்படுவது இதுதான். கவனம் சிதறுவது, அதிலும் துறுதுறு என்று ஓடாமல் அமைதியாக உட்கார்ந்தபடியே கவனம் போய்விடுவது. கணக்கில் தடுமாற்றம். பென்சில், கத்தரிக்கோல், பொத்தான் போன்ற நுண்ணிய வேலைகளில் சிரமம். அறிவுத்திறன் சோதனையில் மிகக் குறைமாதப் பிள்ளைகளின் சராசரி 11, 12 புள்ளி தள்ளி நிற்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆட்டிசமும் கொஞ்சம் கூடுதல். சராசரி என்பது உங்கள் மகன் இல்லை, அது ஒரு கூட்டத்தின் கணக்கு. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவன் இருக்கிறான் என்பதால் ஆறு வயதில் ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறேன். இரண்டு வயதுச் சோதனையில் வரும் மதிப்பெண் பள்ளி வயதை அவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை, அது நல்லதாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் சரி.

தமிழ் பற்றி. நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, இது பல நாடுகளில் நிரூபணமான விஷயம். பேச்சு தாமதமாகிற பிள்ளை எந்த மொழியிலும் தாமதமாகும். உங்களுக்கும் மாமியாருக்கும் இயல்பாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள். சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் இரண்டையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லை மட்டும் எண்ணிவிட்டுப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன்.

செங்காங் அம்மா எழுதியது:

மாலதி டீச்சர், பூங்கோதை அக்கா, ரொம்ப நன்றி. இப்போதுதான் மருத்துவமனை அறிக்கையை எடுத்து நிதானமாகப் படித்தேன். இடது பக்கம் முதல் நிலை ரத்தக்கசிவு, பிறகு வந்த ஸ்கேனில் இல்லை. கண்ணில் இரண்டாம் நிலை விழித்திரைப் பாதிப்பு, சிகிச்சை இல்லாமலே சரியானது. கஃபைன் மருந்து கொடுத்திருக்கிறார்கள். செவி சரி. ஆக்சிஜன் இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தான். குடல் தொற்று இல்லை.

குமரன் அண்ணா, நீங்கள் சொன்னதையும் மனசில் வைத்துக்கொண்டேன். நான் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன் போல.

பூங்கோதை எழுதியது:

நல்ல அறிக்கை தங்கச்சி. முதல் இரண்டு நிலை ரத்தக்கசிவு பெரும்பாலும் தடம் இல்லாமல் போய்விடும். மூன்றும் நான்கும்தான் கவலைக்குரியவை. கஃபைன் என்றதும் பயப்பட வேண்டாம், மூச்சு விட மறக்கும் பிள்ளைகளுக்கு மூளையைத் தட்டி எழுப்பக் கொடுப்பது. நுரையீரலுக்கும் நல்லது, பெருமூளை வாதத்தையும் குறைக்கிறது என்று பெரிய ஆய்வில் தெரியவந்தது. கண் தானாகச் சரியானாலும் கிட்டப்பார்வை, மாறுகண் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். பள்ளிக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பலகை தெரியாத பிள்ளையையும் கவனமில்லாத பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்களா? நம் வீடுகளில் குளிக்க வைத்ததும் புகை காட்டுவது வழக்கம். குறைமாதப் பிள்ளையின் நுரையீரலுக்கு அது ஆகாது. மூக்கில், காதில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான், மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. பெரியவர்கள் பாசத்தில் செய்கிறார்கள், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தேக்கா ராணி பாட்டி எழுதியது:

எங்கள் காலத்தில் ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது என்பார்கள். என் பேத்திக்கு இப்போது எட்டாம் மாசம், வலி வந்து வந்து போகிறது. இன்னும் அதை நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை.

பூங்கோதை எழுதியது:

அம்மா, அது உண்மையில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். வயிற்றில் கூடுகிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான், எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிடத் தேறியிருக்கும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை 2.1 கிலோ. நுரையீரல் விரியாமல் இரண்டு நாளில் இறந்துபோனான். அந்த நாட்டு அதிபரின் பிள்ளைக்கே கொடுக்க மருந்து இல்லை. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளை வெளியிலிருந்து கொடுக்க முடியும் என்று 1980-இல் ஜப்பானில்தான் காட்டினார்கள். இன்றைக்கு அதே எடையில் பிறக்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். ஆனால் வலி வந்து போகிறது என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், பேத்தியை இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

ஜூரோங் செல்வா எழுதியது:

இந்த இழையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு 27 வாரம். நேற்று நீர்க்குடம் உடைந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். எந்த நேரமும் பிரசவம் ஆகலாம் என்கிறார்கள். ஏதோ ஊசி போட்டார்கள். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்றே புரியவில்லை.

பூங்கோதை எழுதியது:

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. அந்த ஊசி ஸ்டீராய்டாக இருக்கும், குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த. நியூசிலாந்தில் 1972-இல் கண்டுபிடித்துச் சொன்னது. பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. பிரசவம் நெருங்கினால் மூளையைக் காக்க மக்னீசியம் ஏற்றுவார்கள். அதனால் உடம்பு எரிச்சலாக, சூடாக இருக்கும், மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிரசவம் ஆனதும் மருத்துவர்கள் செய்ய முடியாத இரண்டு வேலை உங்களிடம் இருக்கிறது. ஒன்று தாய்ப்பால். முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீச்ச ஆரம்பிக்க வேண்டும். சொட்டு சொட்டாகத்தான் வரும், அந்தச் சொட்டும் குழந்தைக்கு மருந்து. குடல் அழுகல் நோய் வராமல் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை. மனைவிக்குப் பால் வரத் தாமதமானால் தானப் பால் கிடைக்குமா என்று கேளுங்கள். கேகே மருத்துவமனையில் 2017-லிருந்து தாய்ப்பால் வங்கி இருக்கிறது.

இரண்டாவது, கங்காரு முறை. துணி இல்லாத நெஞ்சோடு குழந்தையை ஒட்டிப் படுக்க வைப்பது. 1978-இல் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், பிறந்த உடனேயே இதை ஆரம்பித்தவர்களிடையே குழந்தை இறப்பு கால் பங்கு குறைந்தது. உலகச் சுகாதார அமைப்பு இப்போது அதைத்தான் சொல்கிறது. அப்பாவும் செய்யலாம், நீங்கள் தாராளமாகக் கேளுங்கள்.

மாலதி டீச்சர் எழுதியது:

செலவு பற்றி ஒரு வார்த்தை, செல்வா. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இருக்கிற மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உங்கள் குழந்தைக்குக் கிடைக்காது, அரசாங்க மானியமும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு நாளும் பெரிய தொகை. இன்றைக்கே இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியர். இன்னொருவர் உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவர். காப்புறுதியில் பிறந்த குழந்தையின் முதல் நாள்கள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்கிக்கொண்டு பில் வந்த பிறகு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

நித்யா 95 எழுதியது:

நான் பெற்றோர் இல்லை. 1995-இல் 28 வாரத்தில் பிறந்தவள். இங்கே எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆவதைப் பற்றியும் ஒருத்தர் பேச வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு வேலை இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன். கணக்கு எனக்குக் கடைசி வரை போராட்டம்தான். டீச்சர் எழுதிய அந்தப் பலகைக் காட்சியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். நான் சோம்பேறி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன்.

இளவயதிலேயே ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. காரணம் தெரியாமல் இருந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதும், நுரையீரலின் உச்சத் திறன் குறைவாக இருப்பதும் தெரிந்த விஷயம் என்று பிறகுதான் ஒரு மருத்துவர் சொன்னார். அதுவரை எந்த மருத்துவரும் நான் எந்த வாரத்தில் பிறந்தேன் என்று கேட்டதே இல்லை. செங்காங் அம்மா, அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். மகன் வளர்ந்ததும் அவன் கையில் கொடுங்கள். அவன் அதை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்தவனாக இருக்கட்டும்.

குமரன் யீஷூன் எழுதியது:

நித்யா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் அண்ணன் மகனிடமும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பொத்தி வைப்பது தவறு என்பதில் இன்னும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டீச்சர், செங்காங் சகோதரியின் மகனுக்கு ஓடி விளையாட எந்தத் தடையும் இல்லைதானே? அதையும் சொல்லிவிடுங்கள்.

மாலதி டீச்சர் எழுதியது:

தடையே இல்லை, ஓட விடுங்கள். ஏறுவது, குதிப்பது, பந்து பிடிப்பது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. குமரன் அண்ணா சொல்வதை நானும் பெற்றோரிடம் சொல்கிறேன்.

செங்காங் அம்மா எழுதியது:

இன்னொரு கேள்வி டீச்சர். அவன் பிறந்தது அக்டோபர் கடைசி. பிறந்திருக்க வேண்டியது ஜனவரி 5. பள்ளிக்கு எந்த ஆண்டுப் பிள்ளைகளோடு போவான்?

மாலதி டீச்சர் எழுதியது:

நல்ல வேளை, கேட்டீர்கள். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை. இங்கே தொடக்கநிலை ஒன்றுக்கு ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஓர் அணி. பிறந்த தேதிதான் கணக்கு, திருத்திய வயதுக்கு அங்கே இடமில்லை. உரிய நேரத்தில் பிறந்திருந்தால் உங்கள் மகன் அடுத்த ஆண்டு அணியில் மூத்த பிள்ளையாக இருந்திருப்பான். இப்போது முந்தைய ஆண்டு அணியில் கடைக்குட்டி. அவனோடு உட்காரும் ஜனவரிப் பிள்ளை உண்மையில் ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. பாலர் பள்ளி ஒப்பீட்டிலும் இதே கதைதான், அதனால் ஆசிரியரிடம் பிறந்த வாரத்தையும் பிறந்திருக்க வேண்டிய தேதியையும் சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் காரணம் இருந்தால் ஓர் ஆண்டு ஒத்திவைக்கக் கல்வி அமைச்சிடம் கேட்கலாம். குறைமாதம் என்று ஒரு வரி போதாது, பிள்ளைக்கு ஏன் அந்த ஓர் ஆண்டு தேவை என்று மருத்துவரும் உளவியலாளரும் எழுத வேண்டும். இப்போதே முடிவு செய்யாதீர்கள். அவன் கூட்டாளிகளோடு நன்றாக ஈடுகொடுத்தால் பிரிக்கத் தேவையே இல்லை. ஐந்து வயதில் ஒரு முழு மதிப்பீடு செய்யுங்கள். அதற்கு முன்பே கவலை வந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி கேகே அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரை வாங்குங்கள். காத்திருப்புப் பட்டியல் இருக்கும், அதனால் ஒத்திவைப்பு பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் கே2, அதாவது பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு, தொடங்குவதற்கு நன்கு முன்பாகவே தேதி எடுத்துவிடுங்கள்.